மலாக்கா நீரிணைக்கு ஃபைபரா, இரும்பா, அலுமினியமா, மரமா?

சிங்கப்பூரில் கிளம்பி போர்ட் கிள்ளான், பங்கோர், பினாங்கு, லங்காவி என்று கரையை ஒட்டியே பூக்கெட் வரை பாய்மரப் படகில் போக நினைப்பவர்களுக்கு முதல் குழப்பம், படகின் உடல் எதில் இருக்க வேண்டும் என்பதுதான். வேகத்தையும் அழகையும் விட்டுவிடுங்கள். அடிபட்டால் அடுத்த துறையில் சரிபண்ண ஆள் கிடைக்குமா? நான் அதை மட்டும் வைத்துத்தான் எடைபோடுவேன். இந்த நீரிணையில் அடிபட வழிகளுக்குக் குறைவில்லை. ஆறுகள் தள்ளிவிடும் மரக்கட்டைகள் பாதி மூழ்கிக் கிடக்கும். வெளிச்சம் சரியாக இல்லாத வலைகள் இரவில் கண்ணில் படாது. தென்மேற்குப் பருவத்தில் ‘சுமத்ரா’ சூறை பெரும்பாலும் பின்னிரவில்தான் வந்து அறையும், நங்கூரத்தையே பெயர்த்துவிடும்.

ஃபைபர், அதாவது ரெசின் என்ற பிசினில் கண்ணாடியிழையை ஊறவைத்துச் செய்த உடல். அந்த வேலைக்கு இந்தக் கரை முழுக்க ஆள் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்த தமிழகக் கரைக்காரர்களுக்கும் ரெசினும் ‘மேட்’ என்கிற கண்ணாடியிழை விரிப்பும் புதிதில்லை. ஆனால் ஓட்டையை அடைப்பது வேறு, ஒழுங்காக ஒட்டுவது வேறு. உடைந்த விளிம்பைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு என்பது நம்பகமான கணக்கு. சரிவே இல்லாமல் மேலே விரிப்பை ஒட்டினால் ஒருநாள் அது தோலாக உரிந்து வரும். சாதாரணமாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம்தான். இங்கே மதிய வெயிலில் அதையே கலந்தால், பிரஷ்ஷைத் தோய்ப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிச் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். அதனால் காலையில் வேலை, கொஞ்சங் கொஞ்சமாகக் கலவை.

பழைய ஃபைபர்மேல் நன்றாகப் பிடிப்பது எபாக்ஸி என்ற விலை கூடிய ரெசின்தான். நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் விலை பார்க்காமல் அதையே கேளுங்கள். ஆனால் எபாக்ஸிக்கு மேல் ஃபைபர் படகின் வழவழப்பான வெளிப்பூச்சான சாதாரண ஜெல்கோட் சரியாக இறுகாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். இதைக் கவனிக்காத பட்டறைகளும் இருக்கின்றன, பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஃபைபரின் நிரந்தர நோய் ஆஸ்மோசிஸ். ஜெல்கோட் வழியாக ஊடுருவும் நீரால் உள்ளே அமிலம் உருவாகி அடிப்பக்கம் கொப்புளம் கிளம்பும். குத்தினால் வினிகர் வாடையோடு திரவம் வடியும். வெதுவெதுப்பான நீரில் இது வேகமாகவே வரும். பார்க்கப் பயங்கரம், ஆனால் இதனால் மூழ்கிய படகு அபூர்வம். தோண்டி, வாரக்கணக்கில் உலரவிட்டு, எபாக்ஸி பூசினால் முடிந்தது. அடிப்பகுதியைவிட நான் பயப்படுவது மேல்தளத்துக்குத்தான். பல படகுகளில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். ஒரு போல்ட் ஓட்டை கசிந்தாலே அது ஊறி அழுகிவிடும். மிதித்தால் தளம் லேசாக அமுங்கும் படகை வாங்காதீர்கள்.

இரும்புப் படகு கட்டையில் மோதினால் நசுங்கும், ஓட்டை விழுவது அரிது. வெல்டிங் மெஷின் இல்லாத மீன்பிடித் துறையும் இல்லை. அதனால் கரையோரப் பயணத்துக்கு இரும்பே சரி என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இரும்பு வெளியே துருப்பிடித்தால் கண்ணில் படும், ஆளைக் கொல்வது உள்ளே பிடிக்கும் துரு. எஞ்சினுக்கு அடியில், தண்ணீர் தேங்கும் மூலைகளில், வெப்பத்தடுப்பு ஃபோமுக்குப் பின்னால் அது சத்தமில்லாமல் அரிக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்ல தகடு. மந்தமாகக் கேட்டால் அங்கே அல்ட்ராசானிக் கருவி வைத்துக் கனத்தை அளக்கச் சொல்லுங்கள்.

வெல்டிங்கும் கேட்ட மாத்திரத்தில் ஆகிற வேலையல்ல. உள்பக்க மரவேலையையும் ஃபோமையும் முதலில் பிய்த்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் ஃபோம் பற்றி விஷப்புகை கிளம்பும். ஒரு மணி நேர வெல்டிங்குக்கு ஒரு வாரத் தச்சுவேலை! வெல்டிங் கையிலிருப்பவருக்கு இரும்பு சரி. மற்றவர்களுக்கு அது முடிவில்லாத பெயின்ட் வேலை.

அலுமினியம் எடையில் இரும்பின் மூன்றிலொரு பங்கு, துருவும் கிடையாது. ஆனால் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிப்பக்கம் பூசும் தாமிரம் கலந்த அடிப்பெயின்ட் அதை அரித்துவிடும், மரினா என்ற படகு நிறுத்துமிடத்தின் மின்கசிவும் அப்படியே. ஆர்கான் வாயு வைத்து, காற்றை மறைத்து வெல்ட் பண்ணத் தெரிந்தவரைத் தேடி லங்காவியோ பூக்கெட்டோ போக நேரும். பணமுள்ளவர்கள் வாங்கட்டும்.

மரத்தின்மேல் எனக்கும் ஆசை உண்டு. மலேசியாவின் திரங்கானு பக்கம் பூலாவ் டுயோங் தச்சர்கள் வரைபடமே இல்லாமல், செங்கால் என்ற கெட்டி மரத்தின் பலகைகளை மரஆணியால் கோத்து, இடையில் கெலாம் மரப்பட்டை வைத்துக் கட்டிய படகுகளைப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனால் அது கிழக்குக் கரை, நாம் போவது மேற்குக் கரை. அடிப்பெயின்ட் உரிந்த இடத்தில் கப்பல்புழு புகுந்தால் வெளியே ஊசிமுனைத் துளை, உள்ளே பலகை முழுக்கச் சல்லடை. வருடம் தவறாமல் கரையேற்ற முடியாதவர் மரத்தைத் தொட வேண்டாம்.

என் ஓட்டு, பால்சா நடுவில் இல்லாத கனமான அடி கொண்ட பழைய ஃபைபர் படகுக்கு. மிச்சமாகும் பணத்தை எஞ்சினில் போடுங்கள். நீரிணையில் காற்று பல நாள் செத்துக் கிடக்கும், பாயைவிட டீசல்தான் அதிகம் ஓடும். யான்மார் எஞ்சின் என்றால் மலேசியாவில் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. எஞ்சினைக் குளிர்விக்க நீரேற்றும் பம்பின் ரப்பர் சுழலியான இம்பெல்லர், டீசல் ஃபில்டர், பெல்ட் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கூடவே புரொப்பெல்லரில் சுற்றிய வலையை அறுக்க ஒரு பற்கத்தியும் நீருக்குள் பார்க்க முகமூடிக் கண்ணாடியும்.