அம்மம்மாவின் இரண்டு லாம்புகள்: எது பழசு, எதற்கு விலை?

அம்மம்மாவின் காலத்துக்குப் பிறகு இரண்டு கண்ணாடி மேசை லாம்புகள் எங்களுக்கு வந்தன. இரண்டையும் அம்மப்பா மலாயா றெயில்வே பென்சனோடு ஊர் திரும்பியபோது கொண்டுவந்தார் என்பது வீட்டுக் கதை. பொன்பூப் போட்ட சிவப்பு லாம்பை அக்கா முந்திக்கொண்டு எடுத்துவிட்டார். எனக்கு மிஞ்சியது மங்கல் பச்சை.

கண்ணாடியின் அழகை விட்டு, திரி ஏற்றும் பித்தளைத் தலையை முதலில் பாருங்கள். பச்சையில் இரண்டு தட்டைத் திரிகள், இரண்டு திருகுகள். திருகில் ‘ஹிங்ஸ்’ என்று பொறித்திருக்கிறது. பர்மிங்காம் ஹிங்ஸ் கம்பனி இந்த இரட்டைத் திரிக்குக் காப்புரிமை எடுத்தது 1865இல். ஆகவே தலை அதற்கு முந்தியதல்ல. ஆனால் தலையைக் கழற்றி வேறு லாம்பிலும் பூட்டலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. எண்ணெய்க் குடத்தின் கழுத்து வளையம் சாந்து வைத்து ஒட்டியது. அடியில், கண்ணாடியைச் செய்யும்போது தாங்கிப் பிடித்த இரும்புக் கோலிலிருந்து முறித்தெடுத்த தழும்பு. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சை இருட்டில் பிடித்தால் கண்ணாடி பளிச்சென்று ஒளிர்கிறது: யுரேனியம் கலந்தது. அப்படிக் கண்ணாடி இன்றும் செய்கிறார்கள் என்பதால் அதுவும் தனிச் சாட்சியாகாது. எல்லாம் சேர்ந்துதான் லாம்பு பழசு என்று பேசுகின்றன.

சிவப்பின் கதை சின்னது. தலையில் காந்தம் ஒட்டுகிறது; உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம். தங்கம் சேர்த்து நிறமேற்றிய அசல் சிவப்புக் கண்ணாடியைச் சுரண்டினாலும் நிறம் போகாது. இதில் அடி விளிம்பில் பூச்சு உரிந்திருக்கிறது.

விலைக்கு வருவோம். பித்தளை நிறுத்து வாங்குபவருக்குக் கண்ணாடி வெறும் பாரம். கொழும்புப் பழம்பொருள் கடைக்காரர் சொல்வது அவருடைய லாபத்தைக் கழித்த விலை. வெளிநாட்டு ஏலங்களில் கேட்ட விலையை விட்டு, விற்றுமுடிந்த விலையைப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது; அதிலும் கமிஷன், அனுப்பும் செலவு, வழியில் உடையும் பயம் எல்லாம் கழியும். பல்ப் பூட்டத் துளைத்திருந்தால் விலை விழும். பளபளவென்று தேய்த்தாலும் அப்படித்தான். என் லாம்பு தப்பியதற்குக் காரணம் அதன் பசி. போர் நடந்த தொண்ணூறுகளில் ஊரில் மின்சாரமில்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஊரே ஜாம் போத்தல் விளக்கில் இருந்தபோது இரட்டைத் திரிக்கு எண்ணெய் வார்க்க யாரால் கட்டும்? அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

அக்கா தன் லாம்பைக் கனடாவுக்குக் கொண்டுபோக நிற்கிறார். பழம்பொருளென்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமாம் என்று கவலைப்படுகிறார். அந்த லாம்புக்கு அவ்வளவு அலைச்சல் இராது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.