இலைச்சாற்று நானோவா, சிரட்டைக்கரியா?

முருங்கையிலை அவித்த நீரில் இரும்பு உப்பைக் கலந்தால் நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய இரும்புத் துகள், வரும், அதைப் போட்டால் கிணறு சுத்தமாகும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. "தம்பி, இதை எங்கட கிணத்துக்கும் செய்யலாமோ?" என்று சின்னம்மா கேட்டா. அவவுக்கு யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். செம்பாட்டு மண், சுற்றிவர வெங்காயத் தோட்டம், யூரியா. மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். மேலே போடும் யூரியா நைத்திரேற்றாக மாறி அதன் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும்.

இரும்பைச் செய்து பார்ப்பது எளிது. வெறும் பிளேன்டீயில் பெரிக் குளோரைட்டு என்ற இரும்பு உப்பின் கரைசல் நாலு துளி விட்டால் உடனே மை போலக் கறுக்கும். நானோ வந்துவிட்டது என்பார்கள். துருப்பிடித்த கத்தியால் வாழைக்காய் வெட்டினால் கை கறுக்குமே, அதே சங்கதிதான். தேயிலைச் சாயத்துக்கு அந்த உப்பை உலோக இரும்பாக்கும் வலு கிடையாது. பச்சைத் தேயிலையில் செய்த துகள்களை 2014-இல் ஓர் ஆய்வுக்குழு சோதித்தபோது, இருந்தது இரும்பும், தேயிலைச் சாயத்திலுள்ள பொலிபீனோலும் பிணைந்த கலவை. நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சாகவும் இருந்தது. இலையில் பிறந்தது என்பதற்காகச் சாதுவாகிவிடாது. ஐதரசன் பேரொட்சைட்டோடு சேர்த்தால் துணிச் சாயக் கழிவு நீரை வெளுக்க வைக்கும், அதற்குச் சரி.

சரி, உண்மையான உலோக இரும்புத் துகளே கிடைக்கிறது என்று வைப்போம். அது நைத்திரேற்றைப் பெரும்பாலும் அமோனியாவாக மாற்றிவிடும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

வெள்ளி இதைவிட நேர்மையான ஆள். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் வேப்பிலைச் சாறு விட்டால் மஞ்சளாகி மெல்லக் கபில நிறமாகும். அங்கே உலோகத் துகள் உண்மையாகவே உருவாகிறது. கிருமியைக் கொல்லும். ஆனால் நைத்திரேற்றை அசைக்காது. உவர்க் கிணறென்றால் துகளிலிருந்து கரையும் வெள்ளியை உப்பிலுள்ள குளோரைட்டு பிடித்துவிடும். கிருமிக்குக் கொதிக்க வைத்தாலே போதுமே.

நானோவின் பலம் அதன் மேற்பரப்பு. அந்தப் பலம் சிரட்டைக்கரிக்கும் உண்டு. அடுப்புக்கரியைச் சொல்லவில்லை, ஏறக்குறைய 900 பாகை செல்சியஸில் நீராவி ஏற்றி நுண்துளை திறந்த கரி. ஒரு கிராமில் 1000 சதுர மீற்றரளவு பரப்பு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாகப் பெரிய பிரச்சினை எழுந்ததே, அப்படிப்பட்ட நீரில் எண்ணெய்ப் படையை முதலில் வழித்தெடுத்துவிட்டு, கரைந்து நிற்கும் வாடையைப் பிடிக்க நான் நம்புவது இந்தக் கரியைத்தான். மாற்றாமல் விட்டால் அதிலேயே கிருமி குடியேறும், அது வேறு கதை. நைத்திரேற்று இதற்கும் வசப்படாது.

நைத்திரேற்றுக்கு வீட்டளவில் ஆர்ஓ, அதாவது நீரை நுண்ணிய சவ்வினூடே அழுத்தி வடிகட்டும் கருவி. பலவற்றில் குடிக்கக் கிடைப்பதைவிடக் கழிவாய்ப் போவது அதிகம். நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊரில் அது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைக்க வேறு வழி சொல்லத் தெரியவில்லை. கொதிக்க வைத்தால் நீர் வற்றி நைத்திரேற்று இன்னும் செறிவாகும். கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாயும் நோய்க்கு நைத்திரேற்று ஒரு முக்கிய காரணி. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

சின்னம்மாவின் கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்துச் சோதிக்கக் கொடுத்திருக்கிறோம். முடிவு 50-ஐத் தாண்டினால் ஆர்ஓ வாங்குவது, கழிவு நீரைக் கக்கூசுக்கு விடுவது என்று பேச்சு. முருங்கையிலை அன்று மத்தியானமே வறையாகிவிட்டது.