2000 வாட் என்று தந்த பொயிலர், 38,500 ரூபா போய்விட்டது

ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் இரவோடு இரவாக எழுதுகிறேன். 38,500 ரூபா. இரண்டு மாதம் விடியற்காலையில் எழும்பி இடியாப்பம் அவித்துச் சேர்த்த காசு.

கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே காலைச் சாப்பாட்டு ஓடர் செய்கிறேன். புதிதாகப் பிடித்த ஓர் அலுவலகத்தில் 80 பேருக்குத் தேத்தண்ணீரும் கேட்டார்கள். அதற்காகப் புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் விற்கும் ஒரு கடையில் 20 லீற்றர் பொயிலர் எடுத்தேன். வாங்கும்போது எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவசரப்பட்டு வாங்கவில்லை. மூன்று கடை ஏறி இறங்கினேன். இந்தக் கடையில் நின்ற தம்பி பெட்டியைப் பிரித்து, என் கண்முன்னால் இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, பிளக்கைச் செருகினார். சிவப்பு லைட் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவி வந்தது. "2000 வாட் அக்கா, வேகத்தைப் பாருங்க" என்று வெள்ளி நிற ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார். நான் இன்னும் யோசித்துக்கொண்டு நிற்க, "எங்க அம்மாவுக்கும் இதைத்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் பணத்தை எண்ணி வைத்தேன். இரண்டு கப் தண்ணீர் எதில் வைத்தாலும் கொதிக்கும் என்று அப்போது தோன்றவில்லை. பில்லில் எழுதியது இவ்வளவுதான்: பொயிலர் 1, 38,500.

அடுத்த நாள் காலை மூன்றரைக்கு நிரப்பிப் போட்டேன். ஐந்தரைக்கு மூடியைத் திறந்தால் அடியில் சின்னச் சின்னக் குமிழி, அவ்வளவுதான். கீழே வான் வந்து ஹோன் அடிக்கிறது. அந்தத் தண்ணீரை அள்ளிக் காஸ் அடுப்பில் வைத்தேன், ஓடர் அரை மணி நேரம் பிந்தியது.

கடைக்குப் போன் எடுத்தேன். "உங்க வீட்டில வோல்டேஜ் குறைவா இருக்கும் அக்கா." நேரில் போனேன். "புதுசுதானே, பழகப் பழகச் சூடு ஏறும்." மறுபடி போனேன். முதலாளி இல்லையாம், போயா விடுமுறை முடிந்து வரட்டுமாம்.

வயரிங் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணா, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். வயரை முழுதாகக் கவ்வினால் மீட்டர் பூச்சியம் காட்டும், போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும் என்றார். எக்ஸ்டென்ஷன் வயரின் மேலுறையைப் பிரித்து, ஒரு கம்பியை மட்டும் கவ்வினார். 4.2 அம்பியர். பிளக்கில் 228 வோல்ட். வீட்டு வோல்டேஜில் ஒரு குறையும் இல்லை!

சாதாரண தரம் படிக்கும் என் மகன் கொப்பியில் போட்டான். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வலு: 228 × 4.2, சுமார் 958 வாட். வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் தடை: 54 ஓம். உண்மையான 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 அம்பியர் இழுக்க வேண்டும், தடை 26 ஓம் சொச்சம்தான் இருக்க வேண்டும். பாதி சாமானை முழு விலைக்குத் தந்திருக்கிறார்கள்.

பிளக்கைக் கழற்றி, தண்ணீர் ஆறியபின், தடையை அளக்க மல்ட்டிமீட்டரைப் பிளக்கின் இரண்டு பின்னிலும் வைத்தோம். 53.8 ஓம். இப்படி அளக்க வீட்டுக் கரண்டே தேவையில்லை, பிறகு வோல்டேஜ் கதை எங்கே நிற்கும்? பொயிலருக்குள் சூடாகும் இந்தக் கம்பிச் சுருள், அதாவது கொயில், 2000 வாட் தர வேண்டுமானால் 330 வோல்ட் கொடுக்க வேண்டும். எந்த வீட்டில் இருக்கிறது அது? 20 லீற்றர் கொதிக்க 2000 வாட்டுக்கு ஐம்பது நிமிடம் போதும். இதற்கு, ஒரு சூடும் வெளியே போகாவிட்டால்கூட, ஒன்றே முக்கால் மணி நேரம்.

கொப்பித் தாளோடு போனேன். முதலாளி இருந்தார். தாளைப் பார்க்கவே இல்லை. "லைட் எரியுதா? தண்ணி சுடுதா? அப்ப வேலை செய்யுதுதானே. வேலை செய்யாட்டித்தான் வாரண்டி." ஸ்டிக்கரைக் காட்டினால், அது கம்பனி ஒட்டினதாம். அந்த ஸ்டிக்கரின் ஓரம் ஆவியில் ஏற்கனவே சுருண்டுவிட்டது, உள்ளே உடம்பில் ஒரு எழுத்தும் இல்லை. அம்மாவுக்கு வாங்கிக் குடுத்த தம்பி உள்ளே போய் நின்றுகொண்டார். இப்போது போனையும் எடுப்பதில்லை. 38,500 ரூபா!

சரி, பார்க்க வேண்டியவை. வாட் எவ்வளவு என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். கையில் மீட்டர் இல்லாவிட்டால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதை மட்டும் போடுங்கள். 2000 வாட் என்றால் மின்சார மீட்டரில் ஒரு யூனிட் ஏறும், எனக்கு அரை யூனிட்கூட முழுதாக ஏறவில்லை. ஓம் பார்ப்பது கேத்தல், அயன், பொயிலர் மாதிரிக் கொயில் சாமானுக்கு மட்டும், மோட்டார் உள்ளதற்குச் சரிவராது. பிளக்கைக் கழற்றாமல் ஓம் பார்க்கவே வேண்டாம். கிளாம்ப் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு விடிந்ததும் எடுக்கப் போகிறேன். பில்லும் கொப்பித் தாளும் கையில் இருக்கின்றன. மணி ஒன்றரை ஆகிவிட்டது, மூன்று மணிக்குக் காஸ் அடுப்பில் பானை வைக்க வேண்டும்.