பயணப் பையில் பத்துப் பக்கற் ஜீவனி: ஓடுகிறவர்களுக்கு எந்தளவு உதவும்?

வன்னியில் ஜீவனி என்றால் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற பக்கற். கட்டார், குவைத், டுபாய் என்று வேலைக்குப் போன இடத்திலும் ஓட்டத்தை விடாத பொடியளுக்கு அது இன்னொரு விதத்தில் கைகொடுக்கும். விலைகூடிய விளையாட்டுப் பானத் தூள் டப்பாக்களை விட இதற்கே எங்கள் வாக்கு. ஆனால் ஓடி முடித்த பிறகு குடிப்பதற்குத்தான்.

காரணம் உள்ளே இருக்கிற அளவுகள். உலக சுகாதார நிறுவனம் 2002 இல் மாற்றியமைத்த கணக்குப்படி ஒரு லீற்றருக்கு குளுக்கோஸ் 13.5 கிறாம், சோடியம் குளோரைட் 2.6, சோடியம் சிற்றேற் 2.9, பொற்றாசியம் குளோரைட் 1.5. கூட்டினால் 20.5 கிறாம். பக்கற்றில் இதே எண்கள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதிலுள்ள சோடியம் முழுவதையும் கறியுப்பாகக் கணக்கிட்டால் 4.4 கிறாம் வரும். வழக்கமான விளையாட்டுப் பானத்தில் சோடியம் இதில் கால்வாசி அளவு, சீனியோ லீற்றருக்கு 60 கிறாம் மட்டில். ஜீவனியின் குளுக்கோஸ் தெம்புக்குப் போட்டதல்ல; குடல் சோடியத்தை உள்ளே இழுக்க அது துணை, சோடியத்தின் பின்னால் தண்ணீரும் போகும். ஆகவே ஒன்றரை மணித்தியாலம் ஓடுகிறவருக்கு இது சாப்பாடாகாது. இரண்டு வாழைப்பழமோ நாலைந்து பேரீச்சம்பழமோ வேறாக வேண்டும்.

பலர் பிழைவிடுவது கரைப்பதில். ஒரு லீற்றர் பக்கற்றை அரை லீற்றர் போத்தலில் கொட்டினால் கரைசல் தடித்து, குடலே உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். வயிறு ஊதி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கலக்கும். சீனி சேர்த்தாலும் சோடாவில் கரைத்தாலும் இதே கதைதான். பாதிப் பக்கற் போடுவதும் சரிவராது. தூளில் உப்பு ஒரு பக்கமும் குளுக்கோஸ் ஒரு பக்கமுமாகத் தங்கியிருக்கும், பாதி என்பது சரிபாதியாக அமையாது. முழுப் பக்கற்றையும் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றரில் கரைத்து, வேண்டியதைக் குடித்து, 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். கரைத்த பிறகு சூடாக்கக்கூடாது. உறைய வைக்கவும் வேண்டாம்: உருகும்போது முதலில் வருவது உப்புக் கூடிய தண்ணீர். ஐஸ் வேண்டுமென்றால் பச்சைத் தண்ணீரை வேறு போத்தலில் உறைய வைத்து, கழுத்திலும் கக்கத்திலும் ஒற்றுங்கள்.

எவ்வளவு குடிப்பது? தராசு சொல்லும். ஓட முன்னர் 68 கிலோ, ஓடிய பின் வேர்வையைத் துடைத்து நிறுத்தால் 66.9, இடையில் 300 மில்லிலீற்றர் குடித்தீர்கள் என்றால் போன வேர்வை 1.4 லீற்றர். குறைந்த 1.1 கிலோவுக்கு ஒன்றேகால் மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை, அதாவது 1.4 முதல் 1.65 லீற்றர் வரை, அடுத்த மூன்று நாலு மணித்தியாலத்தில் மெல்ல மெல்ல உள்ளே போகவேண்டும். முதல் அரை லீற்றர் ஜீவனி, மற்றது தண்ணீர். குளியலறைத் தராசு இல்லாவிட்டால் கடையில் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரோனிக் தராசு போதும், 100 கிறாம் வித்தியாசம் காட்டினால் சரி.

ஒரே பக்கற் என்றாலும் ஊருக்கு ஊர் தேவை மாறும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் இரணைமடுக் குளக்கட்டில் ஓடினால் வேர்வை உடனே காய்ந்துவிடும். பெனியனில் வெள்ளைக் கோடு விழுந்த பிறகுதான் எவ்வளவு போனது என்று விளங்கும். வளைகுடாக் கரையில் ஓகஸ்ட் இரவு மறுபக்கம். ஈரக்காற்றில் வேர்வை ஆவியாகாமல் சொட்டும், சொட்டிய வேர்வை உடம்பைக் குளிர்த்தாது. 2019 டோஹா உலக மெய்வல்லுநர் போட்டியில் பெண்கள் மரதனை நள்ளிரவில் வைத்தும் 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். இரவில் ஓடினால் ஆபத்தில்லை என்று அறைத் தோழர் சொன்னால் நம்பவேண்டாம். புதிதாகப் போனவர்களும் நீண்ட லீவு முடிந்து திரும்பியவர்களும் முதல் பத்துப் பதினாலு நாள் 20 நிமிடத்தில் தொடங்கி, கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்திலேயே கூட்டுங்கள். உடம்பு வெக்கைக்குப் பழகுவது அப்படித்தான். அதைப் பக்கற்றில் கரைத்துக் குடிக்க ஏலாது.

ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்கு ஜீவனி வீண்செலவு. வீட்டில் உப்பும் மோரும் வெங்காயமும் சேர்த்த பழஞ்சோறு இருந்தால் அதுவே போதும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியம் கூட, சோடியம் குறைவு, வேர்வைக்கு ஈடாகாது. மறுகரையில், மணிக்கணக்காக வெறும் தண்ணீரையே லீற்றர் லீற்றராகக் குடிப்பதும் இரத்தத்தில் சோடியத்தை இறக்கும்: தலையிடி, ஓங்காளம், விரல் வீக்கம்.

பயணத்துக்குக் கட்டும்போது திறக்காத பக்கற்றாகவே வையுங்கள். இடம் மிச்சம் பிடிக்க வெள்ளைத் தூளைப் பொலித்தீனில் கொட்டிக்கொண்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல யாருக்கு நேரம்? கட்டிபட்டு நிறம் மாறியதை வீசிவிடுங்கள்.

நாளொன்றுக்கு 5 கிறாமுக்குக் குறைந்த உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு லீற்றர் ஜீவனியே அதைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். பிறசர் உள்ளவர்கள் சர்பத் மாதிரிக் குடிக்கவேண்டாம். வவுனியாப் பக்கம் பல வீடுகளுக்குத் தெரிந்த சிறுநீரக வருத்தம் இருந்தால், பொற்றாசியம் இருப்பதால், வைத்தியரிடம் கேளாமல் தொடவே கூடாது. ஓட முன்னர் நோ மாத்திரை போடும் பழக்கத்தையும் விடுங்கள்: நீர் வற்றிய உடம்பில் டைக்ளோபெனாக், இபுபுரூபன் சிறுநீரகத்தை வாட்டும்.

ஓடியவர் தள்ளாடி, பேச்சுக் குழறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அம்புலன்ஸ் கூப்பிட இலங்கையில் 1990, கட்டாரில் 999.