மதீனா குடைகள்: பல கோடைகள் பார்த்தபின்

மதீனாவில் வேலைக்கு வந்து பல கோடைகள் ஆகிவிட்டன. உம்ரா புனிதப் பயணமாக வரும் ஊர்க்காரர்கள், நபிகளாரின் பள்ளியான மஸ்ஜிதுன் நபவியின் முற்றத்தில் நிழலுக்காக நிற்கும் ராட்சதக் குடைகள் விரிவதை வீடியோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவற்றின் கீழேயே தொழுகிறவனுக்குச் சொல்ல வேறு சில உண்டு.

வெளிமுற்றத்தில் மட்டும் 250 குடைகள். விரிந்த குடை ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 25.5 மீட்டர் உள்ள சதுரம். அடுத்தடுத்த குடைகளின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்திருக்கிறார்கள். இடுக்கில் வெயில் விழுவதில்லை. மழைத்தண்ணீர் நடுவே திரண்டு தூணுக்குள்ளேயே இறங்கிவிடும். வடிவமைத்தவர் ஜெர்மானியரான மஹ்மூத் போடோ ராஷ். உள்முற்றங்களில் அவருடைய 12 குடைகள் 1992லேயே வந்துவிட்டன.

என்னைக் கேட்டால், இவை விரிவதைவிட மடங்குவதுதான் பெரிய விஷயம். அசையாத கூரை என்றால் பகல் சூடு ராத்திரியும் அதன் அடியிலேயே கிடக்கும். இங்கே அந்தித் தொழுகையான மஃரிபுக்கு முன்னால் மடக்கிவிடுவதால், தரையில் மிச்சமிருக்கும் சூடு திறந்த வானத்துக்குப் போய்விடுகிறது. கோடையில்கூட இரவுத் தொழுகையான இஷா முடிந்து முற்றத்தில் நிம்மதியாக உட்கார முடிகிறது.

குறை தெரிவது பிற்பகல் தொழுகையான அசர் நேரத்தில். வெயில் சாய்ந்துவிடும், 14 மீட்டருக்கு மேலே இருக்கும் துணி அதை எப்படித் தடுக்கும்? இங்கே கிப்லா, அதாவது தொழும்போது முகம் நோக்கும் திசை, தெற்கு. அதனால் மேற்கு ஓர ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நின்றால் வலது கன்னம் காயும். கிழக்குப் பக்கம் போய்விடுங்கள், அங்கே பள்ளிக் கட்டடத்தின் நிழலும் சேர்ந்துகொள்ளும். தூண்களில் உள்ள நீர்த்தூவி மின்விசிறிகள் நல்ல சுகம். கண்ணாடி போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கவும்.

"நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டிலும் இதை வைக்கலாமே, மச்சான்" என்று ஒவ்வொரு விடுமுறையிலும் யாராவது கேட்பார்கள். நிழல் எங்கேயும் நிழல்தான், சரி. ஆனால் மதீனாவின் காய்ந்த காற்றில் தூவிய நீர் உடனே ஆவியாகிறது, அதனால்தான் குளிர்கிறது. நம் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் சட்டைதான் நனையும். அப்புறம், இதற்குத் தினமும் இயக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். 2024 கோடையில் சென்னை சிக்னல்களில் கட்டினார்களே பச்சை வலைப் பந்தல், நமக்கு முதலில் அது போதும். கோடையில் கட்டி, புயல் மழைக்கு முன்னால் அவிழ்த்து வைத்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் கட்டுவதானால் மேற்குப் பக்கம் மட்டும் வலையைக் கொஞ்சம் தாழ இறக்கிக் கட்டச் சொல்லுங்கள்.