கப்பியா, கம்பூசியாவா: பரிணாமத்தைக் காட்ட எந்த மீன்?

வேலூரில் பள்ளித் தொட்டி ஒன்றில் பரிணாமத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள், குட்டி போடும் கப்பி, கம்பூசியா (கொசுமீன்) ஆகிய இவ்விரு மீன்களில் எதை வாங்குவது என்று தயங்குகிறார்கள்.

வெயில்: நிழலில் வைத்த சிமென்ட் தொட்டியில், நம் ஊர்க் கோடையை இரண்டும் தாங்கும்.

பார்வைக்கு: கம்பூசியா சாம்பல் நிறம், கப்பி ஆணின் புள்ளிகளோ ஒவ்வொன்றிலும் வேறு.

சான்று: 1976-இல் பரிணாம உயிரியலாளர் ஜான் எண்ட்லர், கரீபியத் தீவான டிரினிடாடில் வேட்டைமீன் மிகுந்த நீரிலிருந்த கப்பிகளை ஆபத்துக் குறைந்த ஓடையில் விட்டார், 11 ஆண்டுகளில் அவற்றின் சந்ததி தாமதமாகப் பருவமடைந்து, எண்ணிக்கையில் குறைந்த, உருவில் பெரிய குட்டிகளை ஈன்றது. ஆயினும் அது புது இனமன்று. இனம் பிரியத் தொடங்குவதை விளக்கக் கம்பூசியாவின் பஹாமாஸ் தீவு உறவினமே பொருத்தம்: வேட்டைமீன் உள்ள நீர்க்குழிகளில் அதன் வால்பகுதி பருத்திருக்கும், பெண்களும் தம் குழியின் உடலமைப்பையொத்த ஆண்களையே நாடும், அதனால் இரு வகைகளும் கலப்பது குறையும்.

கடைக் கப்பி மனிதர் தேர்ந்து வளர்த்தது என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

எனவே தொட்டிக்குக் கப்பி, கரும்பலகைப் பாடத்துக்குக் கம்பூசியா என்பேன். பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் கம்பூசியாவை ஏரியிலோ பாலாற்றிலோ விடவே கூடாது.