குதிரைப் பொம்மைக்குக் கொம்பு: எபாக்சி புட்டியா, பாலிமர் க்ளேயா?

மை லிட்டில் போனி பொம்மையைச் செதிலும் கொம்பும் உள்ள டிராகன் குதிரையாக மாற்ற இரண்டு பொருள்கள் உண்டு. பாலிமர் க்ளேயில், அதாவது சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் களிமண்ணில், வேலை செய்வது சுகம். ஓவனில் வைக்கும்வரை காயாது, ஒவ்வொரு செதிலாக நிதானமாகக் கீறலாம். ஆனால் அது இறுக ஏறத்தாழ 130 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பொம்மையின் வினைல் பிளாஸ்டிக் உடம்பு நெகிழ்ந்துவிடலாம், நைலான் பிடரிமயிரும் சுருண்டுபோகும். கொம்பை மட்டும் தனியாகச் சுட்டு ஒட்டலாம், சரி. கழுத்து முழுக்கச் செதில் என்றால்?

அங்கேதான் எபாக்சி புட்டி. குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீலும் இந்த இனம்தான். இரண்டு பகுதிகளாக வரும், இரண்டையும் சேர்த்துப் பிசைந்து பொம்மைமீதே அப்பலாம், சூடே வேண்டாம், தானாக இறுகும். பிசைந்ததும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்கவும். விரலில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம், கையுறை கட்டாயம். அப்புறம், வினைலை முதலில் சோப்பால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்காவிட்டால் செதில் உரிந்து வரும்.

என் ஓட்டு புட்டிக்கே. மெல்லிய இறக்கையும் வைப்பதானால் அதற்கு மட்டும் உள்ளே கம்பி வைத்துக் க்ளே, கொம்பைப்போலத் தனியாகச் சுட்டு ஒட்டலாம்.